ஒத்திகை இல்லாத நாடகம்

பங்குனி மாதம் பிறந்ததும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் நாடகப் பருவம் தொடங்குவது வழக்கம். வரும் பங்குனியிலும் அவ்வாறே தொடங்கவிருக்கிறது. அம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊர்களில் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, ஓர் இரவோ இரண்டு இரவோ நாடகம் வைப்பார்கள். ஆடி வரையில் இப்பருவம் நீளும்.

நம் தோட்டங்களுக்கும் இந்நாடகங்கள் புதியன அல்ல. முன்னாளில் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தொழிலாளர்களே வேடமிட்டு வள்ளி திருமணமும் அரிச்சந்திராவும் நடித்தனர். அதற்காகப் பல நாள் ஒத்திகை பார்ப்பார்கள். ஆனால் இங்கு நாம் விளக்க விரும்பும் நாடகத்திற்கு ஒரு நாள் ஒத்திகைகூடக் கிடையாது.

அதனை 'ஸ்பெஷல் நாடகம்' என்று அழைக்கின்றனர். இதற்குக் கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை. ராஜபார்ட் நடிகரை ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் நடிகையை மற்றோர் ஊரிலிருந்தும், ஆர்மோனியக் கலைஞரை வேறோர் ஊரிலிருந்தும் தனித்தனியே பேசி அமர்த்துவார்கள். அன்றிரவு ஒப்பனை செய்யும் இடத்திலேயே ஒருவரையொருவர் முதன்முதலாகக் காண்பதும் உண்டு. எனினும் இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை தடையின்றி நடக்கும். இஃது எவ்வாறு இயலுகிறது?

அதற்குக் காரணமானவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துச் சிறுவர்களை நடிகர்களாக்கினார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குப் பயின்றவர்களே. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் ஆகிய நாடகங்களுக்கு அவர் இயற்றிய பாட்டும் வசனமும் நடிகர் அனைவருக்கும் பொதுப் பாடமாயின. மூத்த கலைஞரிடம் இப்பாடத்தைக் கற்றவர் எவருடனும் சேர்ந்து நடிக்கலாம். பால்மரம் வெட்டத் தெரிந்தவர் குளுவாங்கிலிருந்து சிகாமட்டுக்கு மாறிச் சென்றாலும் கத்தி பிடிக்கப் புதிதாய்க் கற்க வேண்டியதில்லை அன்றோ!

வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்வோம். முதலில் பபூன் வருவார். அடுத்து நடனப் பெண் வருவார். நள்ளிரவு வரை இவர்களுடைய நகைச்சுவைதான். நம் கருத்தில் இது சற்று நீளம். ஆயினும் குறைப்பதற்கு ஊரார் சம்மதிக்க மாட்டார்கள். பின்னரே கதை தொடங்கும். தினைப்புனத்தில் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கமே இரவின் உச்சம். பாட்டு முன்பே பாடமானது. ஆனால் எதிரில் நிற்பவர் இடையில் என்ன கேட்பார் என்பது பாடத்தில் இல்லை. உடனே விடை சொல்ல வேண்டும். தடுமாறினால் ஊர் சிரிக்கும். அடுத்த ஆண்டு அழைப்பும் வராது. முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வந்துபோன பின்பு, பொழுது புலரும் வேளையில் திருமணம் நடைபெறும்.

இக்கலைஞர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பகுதி இந்த நான்கைந்து மாதங்களில் கிடைப்பதே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அங்கே மேடைகளை மூடிவிடுகிறது. ஜொகூரில் மரத்தில் கத்தி வைக்க விடாமல் நம்மை வீட்டில் அமர்த்துவதும் அதே பருவக்காற்றுத்தான். 2020ஆம் ஆண்டு மார்ச் 25இல் இந்தியா முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது பங்குனி பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. திருவிழாக்கள் நின்றன, அவற்றை நம்பியிருந்த நாடகங்களும் நின்றன. மழைக்காலத்திற்கென்று சேர்க்க வேண்டிய பணம் அவ்வாண்டு கைக்கு வரவே இல்லை.

பெண் கலைஞர்களின் நிலை இன்னும் கடினமானது. இரவெல்லாம் வள்ளியாகக் கண்டு மகிழ்ந்த பெண்ணுக்கு, நாடகக்காரி என்பதற்காகவே வாடகைக்கு வீடு தரத் தயங்குவோர் உள்ளனர். இது நியாயமன்று. மதுரை முதலிய நகரங்களில் நாடக நடிகர்கள் சங்கம் அமைத்துக்கொண்டதற்கு இத்தகைய இன்னல்களும் ஒரு காரணமாகும்.

நாடக நோட்டீசில் கலைஞரின் படமும் பெயரும் ஊரும் ஏற்கும் வேடமும் அச்சிடப்பெறும். ஒப்புக்கொண்ட இரவுகளைக் கலைஞர்கள் நாள்காட்டியில் குறித்துவைப்பார்கள். விடியற்காலையில் அரிதாரத்தைக் கலைத்துவிட்டுப் பேருந்து ஏறும் நாரதருக்கு, அன்றிரவே வேறோர் ஊரில், வேறொரு வள்ளியோடு தர்க்கம் காத்திருக்கும்.