வலியை உணராத பாதமும் வேலைக் காலணியும்

இரவுக் காவல் பணி செய்யும், 50 வயதைக் கடந்த ஒருவர் சென்ற மழைக்காலத்தில் எமது புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். 12 ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர். பணி முடிந்து வீடு திரும்பிக் காலுறையைக் கழற்றியபோதுதான் அதில் இரத்தக் கறையைக் கண்டார். காலணியைக் கவிழ்த்ததும் சிறு ஜல்லிக்கல் ஒன்று விழுந்தது. இரவு முழுவதும் அதன் மேல்தான் அவர் நடந்திருக்கிறார். “வலிக்கவே இல்லையே, டாக்டர்” என்றார்.

நெடுங்காலம் கட்டுப்படாத இரத்தச் சர்க்கரை, பாத நரம்புகளைச் சிதைக்கிறது. உணர்வு சிறிது சிறிதாகக் குறைவதால் பலரும் அதனை அறிவதில்லை. காலணி அழுத்தும் இடத்தில் தோல் தடித்துக் காய்ப்பாகிறது. காய்ப்பின் அடியில் புண் உருவாகிறது.

தொழுநோயாளிகளிடமும் இதே நிலையைக் காணலாம். கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுடைய பாதப் புண்கள் பெரும்பாலும் வலி தெரியாமல் காயப்படுவதால் வருபவை என்று எடுத்துக்காட்டினார். அந்நோயாளிகளுக்குப் பயன்பட்ட எம்.சி.ஆர். என்னும் மென்மையான ரப்பர், இன்று நீரிழிவு நோயாளிகளின் காலணிகளிலும் உள்தளமாக அமைகிறது.

உணர்வு குறைந்தவர்கள் பெரும்பாலும் இறுக்கமான காலணியையே வாங்குகின்றனர். இறுக்கினால்தான் அணிந்திருப்பதே அவர்களுக்குத் தெரிகிறது. எனவே காலின் உணர்வை நம்பாமல் அளவை நம்புங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குச் செல்லுங்கள். முன்னதாக, ஒரு தாளின் மேல் நின்று பாதத்தின் விளிம்பை வரைந்து வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அத்தாளைக் காலணிக்குள் வைக்கும்போது ஓரம் மடிந்தால் அது உங்களுக்கு உரியதன்று. நிற்கும்போது, நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். விரல்களின் மேற்புறமும் உரசக் கூடாது.

கட்டடப் பணியிலும் ஆலையிலும் இரும்பு முனைக் காலணி இன்றியமையாதது. உரசுகிறது என்பதற்காக அதைக் கழற்றிவிட்டுச் செருப்புடன் நிற்பது ஆபத்து. வேலை போய்விடுமோ என்று அஞ்சி நோயை மறைக்க வேண்டாம். அகலமான காலணி தருமாறு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். மருத்துவச் சான்று தேவைப்பட்டால் நாங்கள் தருகிறோம்.

புதிய காலணியை முதல் சில நாட்கள் ஓரிரு மணி நேரம் மட்டுமே அணிந்து, கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். அணியும் முன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெளிர்நிறப் பருத்திக் காலுறை நல்லது. சிறு கசிவும் அதில் தெரிந்துவிடும். காய்ப்பைப் பிளேடால் சீவ வேண்டாம்.

உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் நாள்தோறும் பார்ப்பது குடும்பத்தினரின் பொறுப்பாகட்டும். சிவப்பு, வீக்கம், சூடு, கொப்புளம் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வை அறியும் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைச் செய்துகொள்ள வேண்டும்.

அந்தக் காவலரின் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. அத்தனை நாட்களும் அவருக்கு ஊதியம் இல்லை. இப்போது அவர் பணிக்குப் புறப்படும் முன், அவருடைய மனைவியே காலணிகளைக் கவிழ்த்துத் தட்டித் தருகிறார்.