எண்ணூரில் மத்தியஸ்தம் பேச யார் வருவார்?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வட சென்னையின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அரசு அறிவித்த நிவாரணத்தில் சில குடும்பங்களுக்கு 12,500 ரூபாய், சிலவற்றுக்கு 7,500, படகுக்கு 10,000. இப்படிப் பட்டியல் பிரியும் இடத்தில்தான் ஊருக்குள் தகராறு முளைக்கும். "அவன் பேரு இருக்கு, என் பேரு எங்க?" என்று ஒருவர் கத்தினால், தொகையோடு சேர்த்துத் தன் தொழிலுக்கான மரியாதையையும் கேட்கிறார். "உங்க தொழிலையே கணக்குல சேர்க்கலைன்னு வருத்தம், அப்படித்தானே?" என்று மத்தியஸ்தர் திருப்பிச் சொல்லி, அவரும் தலையாட்டிவிட்டால் பேச்சு நகரும்.

தொடர்பியல் படிப்பு பழக்குவது இதைத்தான்: பதிலை அடைக்காத கேள்வி, வதந்தியின் ஊற்றைத் தேடுவது, கூட்டத்தில் வாய் திறக்காதவரைக் கவனிப்பது. ஊர்க் கூட்டம் ஆண்களின் கூட்டமாகவே நடக்கும் மீனவக் குப்பங்களில், மீன் விற்கும் பெண்களிடம் தனியே போய்க் கேட்பவர் பாதி வழக்கைப் புரிந்துகொள்வார். ஆனால் நிருபராகப் பழகியவர் ஒன்றைக் கைவிட வேண்டும். மத்தியஸ்தத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. ஒரு தரப்பு தனியாகச் சொன்னதை, அனுமதியின்றி மறு தரப்பிடமும் சொல்லக் கூடாது.

இந்தியாவில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம் 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது. இத்தகைய மையங்களில் மத்தியஸ்தராக 40 மணி நேரப் பயிற்சி அடிப்படை. இதுவரை இது பெரும்பாலும் வழக்கறிஞர்களின் களம். ஆனால் 2023 மத்தியஸ்தச் சட்டம் வழக்கறிஞர்தான் மத்தியஸ்தர் என்று வரையறுக்கவில்லை. வட்டாரத்தின் அமைதியைக் கெடுக்கும் தகராறுகளுக்கு மூவர் குழு பேசும் சமூக மத்தியஸ்தத்துக்கும் அதில் தனி அத்தியாயம் உண்டு. எனினும் 2023 அக்டோபரில் சட்டத்தின் சில பிரிவுகளே நடைமுறைக்கு வந்தன.

எண்ணெய் கசியவிட்ட நிறுவனத்தோடும் இப்படிச் சமரசம் பேசலாமா? கூடாது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் வரும் விவகாரங்களை மத்தியஸ்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அது சரியென்றே நினைக்கிறேன். ஆலையும் குப்பமும் சம பலத்தோடு ஒரே மேசையில் உட்கார முடியாது. பட்டியல், வலை, படகு நிறுத்துமிடம் என்று ஊருக்குள் எழும் சண்டைகளே மத்தியஸ்தருக்கு உரியவை.

தொழிற்சாலைப் பக்கம் இந்த வேலை பழையது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில் கையெழுத்தான உடன்பாட்டைத் பக்கத்துத் திருவொற்றியூரின் தொழிலாளர்கள் 1947 தொழில் தகராறுகள் சட்டப் பிரிவின் எண்ணாலேயே '12(3)' என்று அழைத்துவந்தார்கள்.

தொடர்பியல் மாணவர்களுக்கு ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீதிமன்ற மையங்களில் கிடைப்பது வழக்குக்கு இவ்வளவு என்ற மதிப்பூதியம்தான். மாதச் சம்பளம் வேண்டுமென்றால் தொழிலுறவுத் துறை, தொண்டு நிறுவனங்கள் பக்கம் பாருங்கள். சட்ட அடிப்படையைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும்.