பழைய மடிக்கணினியா? முதலில் பக்கவாட்டைப் பாருங்கள்

பிள்ளை மெட்ரிகுலேசனுக்கோ பல்கலைக்கழகத்திற்கோ போகும் வேளையில், புதிய மடிக்கணினி வாங்க இயலாத பெற்றோர் அலுவலகங்களிலிருந்து கைமாறி வரும் பழைய கணினிகளை நாடுகின்றனர். அத்தகைய ஒன்றுதான் லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்230. 2012-இல் வெளிவந்தது. 12.5 அங்குலத் திரை. எடை ஏறக்குறைய ஒன்றரை கிலோ.

கடையில் திரையையும் வேகத்தையும்தான் முதலில் காட்டுவார்கள். வீட்டிலும் பள்ளியிலும் உள்ள பொருள்களோடு கணினி ஒத்துப்போகுமா என்பதைச் சொல்வது பக்கவாட்டுத் துளைகள்.

இடப்பக்கம் இரண்டு யுஎஸ்பி 3.0 துளைகள், விஜிஏ, மினி டிஸ்பிளேபோர்ட் ஆகியவை உள்ளன. பழைய புரொஜெக்டருக்கு விஜிஏ போதும். ஆனால் அதில் படம் மட்டுமே போகும். ஒலிக்குத் தனிக் கம்பி வேண்டும். எச்டிஎம்ஐ கிடையாது. எனவே புதிய தொலைக்காட்சியில் இணைக்க மினி டிஸ்பிளேபோர்ட்டுக்கு ஏற்ற அடாப்டர் ஒன்றையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீளமான எக்ஸ்பிரஸ்கார்டு துளை இன்று பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

வலப்பக்கம் எஸ்டி கார்டு துளை, மஞ்சள் நிற யுஎஸ்பி துளை, ஹெட்போன் துளை ஆகியவற்றுடன் லேன் கம்பிக்கான துளையும் உண்டு. மிக மெல்லிய புதிய கணினிகள் பலவற்றில் லேன் துளை இல்லை. வைஃபை அறைக்கு அறை தடுமாறும் வீட்டில், மோடமிலிருந்து நேராகக் கம்பி இழுக்க முடிவது சிறிய விஷயமன்று.

வாங்குமுன் ஒரு பென்டிரைவை எடுத்துச் சென்று மூன்று யுஎஸ்பி துளைகளிலும் செருகிப் பாருங்கள். லேன் கம்பியையும் மாட்டிப் பாருங்கள். சார்ஜர் முனையை மெல்ல அசைக்கும்போது மின்னேற்றம் விட்டுவிட்டு வந்தால், அந்தக் கணினி வேண்டாம்.

இதன் சார்ஜர் முனை உருண்டை வடிவம். 2013-இல் வந்த எக்ஸ்240-இன் சார்ஜர் முனையோ செவ்வகம், இதில் நுழையாது. கைப்பேசியின் யுஎஸ்பி-சி சார்ஜரும் உதவாது. ஆகவே சார்ஜரையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

மேல்மூடியில் உள்ள கீறல்களைப் பெரிதுபடுத்த வேண்டாம். திரையைப் பாதியில் நிறுத்தினால் நிற்கிறதா, அடியில் திருகாணிகள் எல்லாம் இருக்கின்றனவா என்பதே முக்கியம். பேட்டரி பின்பக்கமாகக் கழன்று வரும். உப்பியிருந்தால் மாற்றித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. இந்தக் கணினி விண்டோஸ் 11-க்கான அதிகாரப்பூர்வத் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பாடம் எழுத, அச்சிட, படம் காட்ட என்றால் லினக்ஸ் நிறுவிப் பயன்படுத்தலாம். கல்லூரி குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளைக் கேட்டால், விலை மலிவு என்பதற்காக மட்டும் இதை வாங்குவது சரியாகாது.