கடன் வாங்கிய ஓட்டு செல்லுமா?

திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலக் கொடைகள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன, எவரும் படிக்கலாம். பிளாக்செயினும் அப்படியொரு பொதுப் பதிவேடுதான். ஆனால் பதிவு அழியாது என்பதாலேயே பணம் பத்திரமாகிவிடாது.

பிளாக்செயினில் பலருடைய டோக்கன்களை (டிஜிட்டல் நாணய அலகுகளை)ச் சேர்த்து வைத்த பொது நிதியை ஓட்டுப் போட்டு நடத்துகிறார்கள். டோக்கன் கூடினால் ஓட்டும் கூடும். முடிவை நிரலே நிறைவேற்றிவிடும். ஆபத்து இங்கேதான். 2022 ஏப்ரல் 17 அன்று, எத்தீரியம் என்ற பிளாக்செயினில் இயங்கிய பீன்ஸ்டாக் திட்டத்தில் ஒருவர் சுமார் 100 கோடி டாலரை ஃபிளாஷ் கடனாக, அதாவது ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கி அடைக்கும் நொடிக்கடனாக எடுத்தார். அதை வைத்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஓட்டைப் பிடித்தார். முந்தைய நாளே போட்டுவைத்த தன் தீர்மானத்தை அவசர விதியின் கீழ் நிறைவேற்றி, நிதியை எடுத்துக்கொண்டு, கடனையும் அடைத்தார். ஓட்டு, நிறைவேற்றம், கடனடைப்பு எல்லாம் ஒரே பரிவர்த்தனையில்! இழப்பு சுமார் 18 கோடி டாலர். திருட்டுச் சாவி எதுவும் தேவைப்படவில்லை. விதியே கதவைத் திறந்துவிட்டது.

தடுப்பது எப்படி? ஓட்டெடுப்பு தொடங்குவதற்கு முந்தைய பிளாக் (பதிவுத் தொகுதி) ஒன்றில் பதிவான இருப்பையே ஓட்டாக எண்ண வேண்டும். அப்போது நொடிக்கடன் செல்லாது. வென்ற தீர்மானமும் உடனே ஓடக் கூடாது. காம்பவுண்ட் என்ற மற்றொரு பிளாக்செயின் திட்டத்தில் இரண்டு நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் மற்றவர்கள் நிரலைப் படிக்கலாம், வேண்டாமென்றால் பணத்தை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். இந்த இரண்டு காப்பும் இல்லாத நிதியில் தயவுசெய்து உங்கள் சேமிப்பைப் போடாதீர்கள்.