கடன் அட்டையும் பற்று அட்டையும் – நமது கல்லாவுக்கு வருவது எவ்வளவு?

வாடிக்கையாளர் அட்டையை நீட்டுகிறார், மெஷினில் தேய்க்கிறோம், சீட்டு வருகிறது, சரக்கைக் கட்டிக் கொடுக்கிறோம். அது எந்த அட்டை என்று நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நாமும் சில காலம் பார்க்காமல்தான் இருந்தோம். அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறோம்.

பேரேடு எழுதிப் பழகிய நமக்கு வித்தியாசம் எளிதில் விளங்கும். டெபிட் கார்டு என்பது பற்று அட்டை. வாடிக்கையாளர் தம் வங்கிக் கணக்கில் வைத்திருக்கும் சொந்தப் பணத்தில் அப்போதே பற்று எழுதப்படுகிறது. கிரெடிட் கார்டு என்பது கடன் அட்டை. அதில் வாடிக்கையாளரின் பணம் அன்று அசைவதில்லை. அட்டை கொடுத்த வங்கி அவருக்காக நமக்குப் பணம் தந்துவிட்டு, பிறகு அவரிடம் வசூலித்துக் கொள்கிறது. இரண்டிலும் நமக்குப் பணம் பெரும்பாலும் மறு வேலை நாளில் வந்துவிடும். ஆனால் வந்து சேரும் தொகை ஒன்றல்ல.

ஒவ்வொரு விற்பனையிலும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் இக்கட்டணம் இல்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரி 1 முதல் உச்சவரம்பு வைத்தது. ஆண்டு விற்பனை 20 லட்சம் ரூபாய் வரை உள்ள வணிகருக்கு 0.40 சதம்; அதற்கு மேற்பட்டவர்களுக்கு 0.90 சதம். கிரெடிட் கார்டுக்கு இத்தகைய வரம்பு இல்லை. வங்கியோடு நாம் பேசி முடிப்பதே விகிதம்.

கிரெடிட் கார்டுக்கு 2 சதம் என்று வைத்து 4,000 ரூபாய் பில்லுக்குக் கணக்குப் போடுவோம். கட்டணம் 80 ரூபாய், அதன் மேல் 18 சத ஜி.எஸ்.டி. 14.40; ஆக 94.40 ரூபாய். 0.90 சத டெபிட் கார்டானால் வரியோடு 42.48, சிறு வணிகருக்கு 18.88. ரூபே டெபிட் என்றால் ஒன்றுமில்லை. அந்தப் பில்லில் நமது லாபம் 4 சதம், அதாவது 160 ரூபாய் என்றால், கிரெடிட் கார்டில் பாதிக்கு மேல் போய்விடுகிறது.

நமது மொத்தக் கடையில் நடந்தது இது. எப்போதும் ரொக்கம் தரும் சில்லறை வணிகர் ஒருவர், 50,000 ரூபாய்க்குச் சீனி மூட்டை எடுத்துக் கிரெடிட் கார்டில் கட்டத் தொடங்கினார். சீனியில் நமக்கு நின்றது ஒன்றரை சதம், 750 ரூபாய். வங்கி பிடித்தது வரியோடு 1,180 ரூபாய். ஒவ்வொரு முறையும் 430 ரூபாய் நட்டத்துக்குச் சரக்கு ஏற்றியிருக்கிறோம்! மாதக் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அவரிடம் கேட்டோம். "கார்டில் போட்டால் எனக்கு 45 நாள் கிடைக்கிறது அண்ணாச்சி" என்றார். "அந்த 45 நாளுக்கு வட்டி கட்டுவது நாங்கள்தான் தம்பி" என்றோம். அவருக்கும் புரிந்தது. இப்போது சீனிக்கும் அரிசிக்கும் வங்கி மூலம் பணம் அனுப்புகிறார். லாபம் கூடுதலாக நிற்கும் மசாலா, சோப்பு வகைகளுக்கு மட்டும் கார்டு.

அதற்காகக் கிரெடிட் கார்டே ஆகாது என்று சொல்லவில்லை. பற்று நோட்டில் எழுதிவிட்டு இரண்டு மூன்று மாதம் அலைந்து வாங்கும் கடன் இருக்கிறதே, அதன் வட்டி என்ன? நமது ஓ.டி. வட்டி மாதம் 1 சதம் என்றால், மூன்று மாதத்தில் 3 சதம். வராமலே போகும் பாக்கி தனி. அப்படிப்பட்ட இடத்தில் 2 சதம் கொடுத்து மறுநாளே பணத்தைப் பார்ப்பது லாபமே. நோட்டுக் கடனுக்குப் பதிலாக வந்தால் அந்த அட்டை நண்பன். ரொக்கத்துக்குப் பதிலாக வந்தால் செலவு.

எனவே நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வங்கி ஒப்பந்தத்தில் ஒவ்வொரு வகை அட்டைக்கும் என்ன விகிதம், மெஷின் வாடகை எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள்.

2. மாதந்தோறும் பிடித்த தொகையைச் செலவுக் கணக்கில் தனியே எழுதுங்கள். ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவு எடுக்க இயலுமா என்று கணக்காளரைக் கேளுங்கள்.

3. டெபிட் கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. இது ரிசர்வ் வங்கி விதி.

4. சரக்கு விற்காமல் அட்டையைத் தேய்த்து ரொக்கம் கொடுக்கும் வேலைக்கு, எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் உடன்படாதீர்கள். மெஷினும் போகும், பெயரும் போகும்.

5. வாடிக்கையாளர் பின்னர் தம் வங்கியில் ஆட்சேபணை எழுப்பினால் காட்டுவதற்கு, பில்லையும் அட்டைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள்.

கால் சதம், அரை சதத்தில் பிழைப்பவர்கள் நாம். தராசு முள்ளைப் பார்க்கும் கண்ணால் இந்தச் சீட்டையும் பார்ப்போம்.