பாட்டன் வைத்த புஞ்சை

தகப்பனார் காலமான பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு இருவித ஆஸ்திகள் அகப்படுவதுண்டு. ஒன்று, பாங்கியில் உள்ள பணம். அதன் மதிப்பு கடைசிப் பைசா வரையில் தெரியும். மற்றொன்று, ஊரில் உள்ள நிலம். அதன் மதிப்பு ஒருவருக்கும் தெரியாது. தரகர் ஒரு விலை கூறுவார். பங்காளி அதில் பாதி கூறுவார். சர்க்காரோ வழிகாட்டி மதிப்பு என்று மூன்றாவது தொகை ஒன்றை எழுதி வைத்திருக்கும். சென்னையிலோ சிங்கப்பூரிலோ உத்தியோகம் பார்க்கும் வாரிசுகள் இந்த மூன்றுக்கும் நடுவில் திகைத்து நிற்பார்கள்.

புதுக்கோட்டை ஜில்லாவில் இந்தத் திகைப்புச் சற்று அதிகம். கல்லணைக் கால்வாயின் கடைமடை எட்டுகின்ற கிழக்குப் பகுதி நீங்கலாக, மற்றவை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கலந்த மேட்டு நிலம். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் அது பொன் விளையும் பூமி; பெய்யாவிட்டால் பொட்டல். இப்படிப்பட்ட நிலத்துக்கு என்ன விலை என்று கேட்பதற்கு முன், அது என்ன நிலம், யாருடைய நிலம் என்று கேட்பதே விவேகம்.

கூலியாக வந்த காணி

இந்தச் சீமையில் நிலத்தின் மதிப்பு மாறுவது புதிதன்று. தொண்டைமான்களின் சமஸ்தானத்தில், போர்ச் சேவகம் புரிந்த அமரகாரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக ஜீவித நிலங்கள் அளிக்கப்பட்டிருந்தன. ஊழியம் உள்ளவரை நிலம் உண்டு என்பது ஏற்பாடு. யுத்தங்கள் ஓய்ந்த பிறகும் அந்த முறை நீடித்தது. சேஷய்ய சாஸ்திரியார் நிர்வாகத்தின்போது, 1888-இல் இனாம் செட்டில்மெண்ட் நடந்தது. ஊழியத்துக்குப் பதிலாக ஒரு தீர்வையை ஏற்றுக்கொண்டு நிலத்தை அநுபவிக்கலாம் என்று ஆயிற்று. சேவகத்துக்குக் கிடைத்த கூலி, சந்ததிக்குச் சேரும் சொத்தாக மாறியது இவ்விதந்தான்.

1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் இந்திய யூனியனுடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் பகுதியாயிற்று. 1963-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சில்லறை இனாம்களை ரத்துச் செய்து ரயத்துவாரியாக்கியது. புதுக்கோட்டை தனி ஜில்லாவானது 1974-இல். பிறகு 1979 முதல் 1987 வரையில் ராஜ்யம் முழுவதும் நிலப் பதிவேடுகள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது பல கிராமங்களில் சர்வே எண்கள் மாறின. சில பட்டாக்களில் பெயர்களும் பிசகின. ஆகவே, பாட்டனார் பத்திரத்தில் உள்ள எண்ணும் இன்றைய சிட்டாவில் உள்ள எண்ணும் ஒத்திராவிட்டால் நேயர்கள் பதற வேண்டுவதில்லை. அலட்சியமாக இருந்துவிடவும் வேண்டாம்.

வானமும் பாதாளமும்

மண்ணுக்கு மேலும் கீழும் நடப்பவைகூட அதன் மதிப்பைப் புரட்டிவிடும். 2017 பிப்ரவரியில், ஆலங்குடித் தாலுகாவைச் சேர்ந்த நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டத்துக்கு மத்திய சர்க்கார் அனுமதி அளித்தது. ஊர் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு கிளர்ச்சி செய்தார்கள். விளைநிலத்தின் அடியில் உள்ள வாயுவை எடுக்க உரிமம் அளிப்பது சர்க்கார். கிணறு வற்றினால் நஷ்டமோ குடியானவனுக்கு. திட்டம் நிறைவேறவில்லை. 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் இந்த ஜில்லாவின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய ஐந்து வட்டாரங்கள் சேர்க்கப்பட்டன. அங்கே நிலம் வைத்திருப்பவர் இச்சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம்.

நெடுவாசல் கிளர்ச்சி நடந்த மறு வருஷமே ஆபத்து வானத்திலிருந்து வந்தது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வீசிய கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னைகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. முதல் நாள் வரை மரக் கணக்கில் விலை பேசப்பட்ட தோப்புகள், மறுநாள் காலையில் வெறும் மனையாகக் காட்சியளித்தன. ஒரு நாள் விலையை வைத்துப் பல தலைமுறைச் சொத்தைப் பற்றி முடிவு செய்வது எவ்வளவு அபாயம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

மூன்று கேள்விகள்

ஆகவே, விற்பதா, வைத்திருப்பதா என்று யோசிக்கும் குடும்பத்தார் முதலில் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

முதலாவது: நிலம் யாருடையது? பட்டாவில் மூத்த அண்ணன் பெயர் இருப்பதால் மட்டும் நிலம் அவருடையதாகிவிடாது. பட்டா வரி செலுத்துவதற்கான சாதனம். உரிமையை நிலைநாட்டுவது பத்திரங்களும் வாரிசு முறையுமே என்று நியாயஸ்தலங்கள் பல முறை கூறியுள்ளன. வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், புலப்படம், அடங்கல் யாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்க்க வேண்டும். சகோதரிகளையும் மறக்கலாகாது. ஹிந்துக் குடும்பங்களில், பிதுரார்ஜித சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. ஆனால் அதற்கு முன் விவாகமான பெண்களை அது விலக்கியது. 2005-இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. 2005-க்கு முன்பே தகப்பனார் காலமாகியிருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தின் மூலமோ கோர்ட்டு டிக்ரியின் மூலமோ முடிந்த பாகப் பிரிவினைகளை இது கலைப்பதில்லை. “சீர் செய்து அனுப்பிவிட்டோமே, இனி அவளுக்கு என்ன பங்கு?” என்று சொல்லும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். சகோதரியின் கையெழுத்தில்லாமல் விற்ற நிலம், வாங்கியவரையும் விற்றவரையும் கோர்ட்டுப் படி ஏற்றிவிடும்.

இரண்டாவது: தண்ணீர் எங்கே? நிலம் எந்தக் கண்மாயின் ஆயக்கட்டில் உள்ளது, வரத்து வாய்க்கால் திறந்திருக்கிறதா, பக்கத்துக் கிணறுகளில் எவ்வளவு ஆழத்தில் நீர் கிடைக்கிறது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் விசாரிக்க வேண்டும். நிலத்தில் ஒரு துண்டு நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால், எத்தனை வருஷம் உழுதிருந்தாலும் அது நம்முடையதன்று.

மூன்றாவது: இன்று அதை உழுபவர் யார்? 1955-ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுபவருக்குச் சில உரிமைகளை அளித்திருக்கிறது. வாய்ச்சொல்லால் விட்ட குத்தகை பின்னர் வழக்காக முளைப்பது எல்லோரும் அறிந்ததே.

என்ன செய்யலாம்?

வெளியூரில் வாழ்பவர் பலர், பராமரிப்பு வேண்டாத தைல மரத்தை நட்டுவிட்டுச் சில வருஷங்களுக்கு ஒரு முறை வெட்டி விற்கிறார்கள். பணம் வருகிறது, ஆனால் தங்கள் கிணற்று நீர் இறங்குகிறதென்று அண்டை விவசாயிகள் குறைகூறுகிறார்கள். இன்னும் சிலர் ஒன்றுமே செய்யாமல் விட, சீமைக் கருவேல் நிலத்தைப் பிடித்துக்கொள்கிறது. இந்த இரண்டு வழிகளும் நமக்குச் சம்மதமல்ல.

பங்குதாரர் அனைவரும் ஒரே இடத்தில் கூடி, பாகத்தையோ விடுதலையையோ பதிவுப் பத்திரமாக எழுதிக்கொள்ளட்டும். ஒருவரேனும் ஊரில் இருந்து உழக்கூடுமானால், மற்றவர்கள் தங்கள் பங்கை நியாய விலைக்கு அவருக்கே விடட்டும். ஒருவரும் உழப்போவதில்லையெனில், நெடுநாளாக அதில் பாடுபடுபவரிடம் முதலில் கேட்கட்டும். தவணையில் கொடுத்தாலும் தகும். அதுவும் கைகூடாவிட்டால் எழுத்து மூலமான குத்தகை இருக்கிறது. தரகர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக மட்டும் விற்க வேண்டாம். அவருடைய அவசரத்துக்கு ஒரு காரணம் இருக்கும். அது பெரும்பாலும் நமக்கு அநுகூலமான காரணமாக இராது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பது பழமொழி. அப்படி மிஞ்சாத கணக்கிலேயே நம் முன்னோர்கள் கண்மாய் வெட்டி, கரை கட்டி, இந்த மேட்டு நிலத்தை நம் கையில் ஒப்படைத்தார்கள். அதை வைத்துக்கொண்டாலும் சரி, கைமாற்றினாலும் சரி, அடுத்து வருபவர் ஏர் பூட்டக்கூடிய நிலமாக அது இருக்கவேண்டும்.