வளைவுக்கு எத்தனை குதிரைத்திறன் வேண்டும்?

மோட்டார் சைக்கிள் என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சி.சி.?" என்பது, அடுத்தது "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. பந்தயத் தளத்தில் ஓட்டிப் பழகுவதற்காகப் பழைய சிறிய ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்க நினைப்பவர்களும் இதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். மதுரையில் என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர்களில் ஆண்டுக்கு இருவர் மூவராவது இந்த ஆசையோடு வருவதுண்டு. கையில் இருக்கும் பணமோ கொஞ்சம். அது எங்கே செலவாக வேண்டும் என்பதை மேல்நிலை வகுப்பு இயற்பியலே சொல்லிவிடுகிறது.

பந்தயத் தளம் நம் நாட்டுப்புறத்துக்குப் புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் இதற்கென்றே ஏறத்தாழ 3.7 கி.மீ. நீளத் தளம் திறக்கப்பட்டது. 2003இல் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது. இவ்விரண்டில் மதுரைக்காரருக்கு அருகில் உள்ளது இதுவே. அதுவும் இருநூறு கி.மீ.க்கு மேல்.

இனிக் கணக்குக்கு வருவோம். வளைவில் திரும்பும் வண்டிக்கு மையநோக்கு விசை வேண்டும். அதைத் தருவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு ஒன்றே. ஓட்டுபவர் உட்புறம் சாய்வதால் வண்டி கவிழாமல் சமநிலை பெறுகிறது. எவ்வளவு சாய வேண்டும்? வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வந்த தொகையால் வகுத்தால், சாய்கோணத்தின் டேன்ஜென்ட் கிடைக்கும். ஆரம் 50 மீட்டர், வேகம் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் என்று கொள்வோம். 400ஐ 490ஆல் வகுக்க, 0.82. கோணம் சுமார் 39 டிகிரி. அந்த 0.82 என்ற எண்ணே டயர் தர வேண்டிய உராய்வுக் குணகமும் ஆகும். வேகத்தை 80 கி.மீ. ஆக்கினால் எண் 1.0க்கு எகிறுகிறது, கோணம் 45 டிகிரி. எட்டுக் கிலோமீட்டர் கூடியதற்கு, டயரிடம் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறோம். நல்ல டயருக்கும் உலர்ந்த தார்த்தரைக்கும் இடையே இந்தக் குணகம் 0.8 முதல் 1 வரை இருக்கும் என்றால், எல்லை எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பதைப் பாருங்கள்.

இந்தக் கணக்கில் இருப்பவற்றைவிட இல்லாதவை முக்கியமானவை. வண்டியின் நிறை இல்லை, சி.சி. இல்லை, குதிரைத்திறனும் இல்லை. ஐம்பது மீட்டர் வளைவை 150 சி.சி. வண்டியும் 1000 சி.சி. வண்டியும் ஒரே டயர்ப் பிடிப்பில் ஒரே வேகத்தில்தான் கடக்க முடியும். பெரிய எஞ்சின் உதவுவது நேர்ப்பாதையில். வளைவைக் கற்க வந்தவருக்குச் சிறிய வண்டி குறைந்த வண்டியன்று. நேர்ப்பாதையில் அது மிகுந்த வேகம் எடுக்காததால், வளைவின் வாயிலில் தவறினாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

இதே கணக்கு சுற்றுச்சாலையிலும் பொருந்தாதா என்று கேட்கலாம். பொருந்தும்; ஆனால் அங்கே உராய்வுக் குணகம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. டிப்பர் லாரி சிந்திய மணல், அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையில் காயப்போட்ட சோளமும் எள்ளும், டயருக்கு அடியில் பேரிங் குண்டுகளாக உருளும். அந்த இடத்தில் 0.82 வேண்டும் என்று கேட்டால் 0.3கூடக் கிடைக்காது. தளத்தில் விழுந்தவன் வழுக்கிக்கொண்டு போய் நிற்பதற்கு வெளியிடம் விட்டிருக்கிறார்கள். சாலையில் விழுந்தவன் போய் நிற்பது எதிரே வரும் பஸ்ஸின் அடியில். இரவில் நான்குவழிச் சாலையில் பந்தயம் விடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. தளத்துக்குக் கட்டும் கட்டணத்தில் பெரும்பகுதி அந்த வெறும் நிலத்துக்குத்தான் என்பது என் கருத்து.

எந்த வண்டி? 2008இல் இந்தியாவில் அறிமுகமான யமஹா ஆர்15 முதல் வகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 150 சி.சி.க்குச் சற்றே குறைவு, 17 குதிரைத்திறன், ஏறத்தாழ 130 கிலோ எடை, நீர்க்குளிர்ச்சி, ஆறு கியர். 2011இல் வந்த இரண்டாம் வகையில் பின்டயர் அகலமாயிற்று. அதே ஆண்டு வந்த ஹோண்டா சி.பி.ஆர். 250ஆர், 2014இல் வந்த கே.டி.எம். ஆர்.சி. 200 ஆகியவையும் இவ்வகையே. நம் தந்தையர் காலத்து யமஹா ஆர்.எக்ஸ். 100 பந்தயங்களில் பேர் வாங்கியதுதான். ஆயினும் அதன் டிரம் பிரேக், வெப்பத்தை மூடிய பானைக்குள் அடைத்து வைப்பது போன்றது. முதல்முறை தளத்தில் இறங்குபவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வாங்கப் போகும்போது எஞ்சினுக்குக் காது கொடுக்குமுன் சட்டகத்துக்குக் கண் கொடுங்கள். தேய்ந்த பிஸ்டன் வளையத்தை மாற்றலாம். வளைந்த சட்டகத்தைச் சரிசெய்வது அரிது. கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல, பின்சக்கரத்தின் இரு பக்கமும் நூலை ஒட்டிப் பிடித்து முன்சக்கரம் வரை கொண்டுவாருங்கள். பின்டயர் அகலமானதால் முன்டயருக்கும் நூலுக்கும் இடைவெளி இருக்கும். அது இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையெனில் வண்டி எப்போதோ எதிலோ மோதியது. கைப்பிடியை முழுக்கத் திருப்பினால் முட்டி நிற்கும் இரும்பு முட்டு நசுங்கியிருந்தாலும் அதே செய்திதான். புதுப் பெயின்ட் நிறைய பேசும். இந்த முட்டுக்குப் பெயின்ட் அடிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கைப்பிடியை மெல்லத் திருப்பினால், நடுவில் சிக்கி நிற்கக் கூடாது. நின்றால் பேரிங் குழி விழுந்துவிட்டது. முன்ஃபோர்க்கை அழுத்தி விட்டால் ஒருமுறை எழும்பி அமைதியாக வேண்டும். மீண்டும் மீண்டும் ஆடினால் அது தடையுறு அலைவு அன்று. உள்ளே எண்ணெய் கெட்டுப்போயிற்று. ஆடும் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். தொடாத கணத்தில் உராய்வு ஏது? எஞ்சினை ஆறிய நிலையில் நீங்களே கிளப்புங்கள். விற்பவர் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். சைலன்சரில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எண்களைச் சட்டகத்திலும் எஞ்சினிலும் ஒத்துப் பாருங்கள். தளத்தில் மட்டும்தானே ஓட்டப்போகிறோம் என்று ஆவணமில்லா வண்டியை வாங்குபவர், திருட்டு வண்டிக்கு உடைமையாளர் ஆகலாம்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மதுரை வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற ரப்பர், தடம் தேயாவிட்டாலும் இறுகிப்போகும். வண்டியின் விலையோடு இரண்டு புது டயரின் விலையைச் சேர்த்தே பேரம் பேச வேண்டும். அழகுக்காக அளவுக்கு மிஞ்சிய அகல டயர் போடுவது வீண். சாயும்போது அகல டயரின் தொடுபரப்பு உட்புறமாக நகர்வதால், அதே வேகத்துக்கு இன்னும் அதிகம் சாய வேண்டியிருக்கும்.

அடுத்தது பிரேக். வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ. வேகம் 100 கி.மீ.யிலிருந்து 50க்குக் குறைகிறது. இழந்த இயக்க ஆற்றல் ஏறத்தாழ 58,000 ஜூல். இது முழுவதும் ஒரு கிலோ எஃகுத் தட்டுக்குள் போனால் தட்டின் வெப்பநிலை சுமார் 120 டிகிரி ஏறும். சாலையில் இப்படி எப்போதாவது ஒருமுறை. தளத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை. இந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகிறது. டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை, புதிதில் குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரமான எண்ணெய்க்கு அதே தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. பாஸ்கல் விதி அழுந்தாத நீர்மத்தை நம்பி நிற்கிறது. எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், லீவரை அழுத்தும்போது குமிழிதான் சுருங்கும், பிரேக் பிடிக்காது. சில நூறு ரூபாய் எண்ணெய் உயிரைக் காக்கும் இடம் இது. முதல் வேலையாக அதை மாற்றுங்கள்.

பிறகுதான் வண்டியைத் தளத்துக்கு ஏற்ப மாற்றுவது. கண்ணாடி, விளக்கு, பக்கக்கால், பின்னிருக்கைக் கால்தாங்கி எல்லாம் கழலும். கண்ணாடிச் சில்லு தளத்தில் சிதறக் கூடாது, கால்தாங்கி தரையைக் கொத்தக் கூடாது என்பது முதற்காரணம். எடை குறைவது உபரி லாபம். வளைவில் நிறை கணக்கிலிருந்து நீங்கினாலும் முடுக்கத்தில் நீங்குவதில்லை. 190 கிலோவை 180 ஆக்கினால், அதே விசைக்கு முடுக்கம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் கூடும். எஞ்சினைத் தொடவே வேண்டாம். எண்ணெய் வடிக்கும் திருகாணியைத் துளையிட்டுக் கம்பியால் கட்டிவிட வேண்டும். நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று அதிர்வில் அது கழன்றால், சிந்தும் எண்ணெயில் விழுபவர் பின்னால் வருபவர். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதில் வெறும் நீர் ஊற்றுவதும் இதனால்தான். கிளைக்கால் கலந்த நீர் சிந்தினால் தரை வழவழக்கும். உறைபனி நம் பக்கம் கிடையாது என்பதால் வெறும் நீருக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் போர்வெல் உப்புநீர் வேண்டாம். காய்ச்சி வடித்த நீரே நல்லது.

பணம் மிஞ்சினால் பின் பற்சக்கரம். முன்னே 15 பல், பின்னே 45 பல் இருந்த வண்டியில் பின்னே 48 பல் வைத்தால், சக்கரத்துக்குப் போகும் திருப்புவிசை ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடும். அதே சுழற்சியில் வேகம் ஆறு விழுக்காடு குறையும். சிறிய தளத்துக்கு இந்தப் பண்டமாற்று லாபமே. நல்ல ஹெல்மெட்டும் தோலாடையும் கையுறையும் இந்தப் பட்டியலில் சேராதவை. வண்டிக்கு முன்பே வாங்க வேண்டியவை.

இப்படி மாற்றிய வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. பதிவு விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே கோவைக்கு அது சிறு லாரியில்தான் போக வேண்டும். நாலைந்து பேர் சேர்ந்தால் வாடகை தாங்கும்.

தளத்தில் ஒரு வேலை மிச்சம். காலையில் 30 டிகிரியில் டயருக்கு 30 பவுண்டு காற்றடித்தால், ஓடி 70 டிகிரி ஆனதும் வாயு விதிப்படி அது சுமார் 36 ஆகிவிடும். டயர் உப்பி, தரையைத் தொடும் பரப்பு குறையும். அதனால் அழுத்தமானியைக் கையிலேயே வைத்திருந்து, தளத்தை விட்டு இறங்கிய உடனே, டயர் ஆறுமுன் அளந்து, மிகுந்த காற்றை இறக்கிவிட வேண்டும்.